பச்சை காட்டும் கண்ணாடி

குழந்தைகளின் இதயத்தைத் திறந்து பழுதுபார்க்கும் அரசு மருத்துவமனைகள் சென்னையில் ஒரு காலத்தில் நான்கு இருந்தன. நான்கும் பேச்சுவார்த்தை முறிந்த பங்காளி வீடுகள்போல இருந்தன. ஒன்றில் கைராசியான அறுவை நிபுணர் இருப்பார், மயக்க மருந்து கொடுக்க ஆள் இருக்காது. இன்னொன்றில் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள், இயந்திரம் பழுதாகிக் கிடக்கும். பிறந்த குழந்தையின் இதயம் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதைத் தைக்கிற கைக்குத் தினமும் வேலை இருக்க வேண்டும். எப்போதோ ஒரு தடவை தைக்கிற கை எப்படிப் பழகும்? பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு யார் மீதும் தனியாகப் பழி போட முடியாது என்பதுதான் பெரிய கொடுமை.

டாக்டர் யமுனாவுக்கு இது பொறுக்கவில்லை. நான்கையும் ஒன்றாக்கு, நல்ல கைகளையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவா என்று வருடக்கணக்கில் அமைச்சர் வீட்டுக்கும் செயலகத்துக்கும் செருப்புத் தேய நடந்தாள். கடைசியில் நகரத்தின் தென்கோடியில் பெரிய இதய மையம் எழுந்தது. சக டாக்டர்கள் அவளைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் மையம் வந்த பிறகு அறுவையில் இறக்கும் குழந்தைகள் பாதிக்கும் கீழே குறைந்துபோனார்கள். திட்டியவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது தண்டையார்பேட்டையில் ஒரே ஒரு சின்னக் கிளினிக். அறுவை முடிந்து வீடு திரும்பிய வடசென்னைப் பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிற இடம். அதையும் மூடிவிடலாமா என்று திங்கட்கிழமை சுகாதாரத் துறைச் செயலாளரிடம் யமுனா சொல்ல வேண்டும். அவள் சரி என்றால் இங்கே மட்டுமில்லை, மாநிலம் முழுக்க இதே மாதிரி செய்துவிடுவார்கள். திறப்பு விழாவுக்கு நம் ஊரில் ரிப்பன், மாலை, மைக் எல்லாம் உண்டு. மூடுவதற்கு ஒரு கையெழுத்து போதும். வெள்ளிக்கிழமை காலையில் அவளே நேரில் கிளினிக்குக் கிளம்பி வந்தாள்.

"வாம்மா, கடையைப் பூட்ட வந்தியா?" என்றான் ஷாஜகான். கிளினிக்கின் டாக்டர் அவன்தான். யமுனாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், அன்றிலிருந்தே அவளை வம்புக்கு இழுப்பவன்.

"பூட்டறது நான் இல்ல ஷாஜி. அதோ, அது," என்று சுவரைக் காட்டினாள்.

சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமான கண்ணாடி ஒன்று தொங்கியது. அறுவை முடிந்த ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் மையம் இலவசமாகக் கொடுத்திருந்த கண்ணாடி அது.

"இதுக்கு அப்படி என்னதான் தெரியும்னு எனக்கும் ஒரு தடவை சொல்லேன். தினம் என் மூஞ்சியைத்தான் காட்டுது," என்றான் ஷாஜகான்.

"நாடி துடிக்கறப்ப எல்லாம் நம்ம முகத்துல நிறம் இத்தனூண்டு மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா நீலம் ஏறும் இல்லையா, அது நமக்குத் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இது கண்டுபிடிச்சிடும். காலைல அம்மா குழந்தையைத் தூக்கிட்டு முன்னாடி நின்னா போதும். நல்லா இருந்தா பச்சை. சரியில்லைன்னா சிவப்பு, உடனே மையத்துக்கு வரணும். எதுக்குப் பச்சைப் புள்ளையத் தூக்கிட்டு வாரா வாரம் உன் வாசல்ல வந்து காயணும்?"

"எல்லாம் பச்சையா இருக்கா?"

"தென்சென்னையில அப்பப்ப சிவப்பு வருது. உன் ஏரியா முழுக்கப் பச்சை. திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் எல்லாமே பச்சைதான். உங்க தண்ணியில என்ன இருக்குன்னு தெரியல."

சொல்லும்போது அவள் குரலில் பெருமை வழிந்தது. ஷாஜகான் தாடியைச் சொறிந்துகொண்டான். "எங்க தண்ணியில என்ன இருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும். அதைக் குடிச்சு எவனும் தேறினதா நான் கேள்விப்படல," என்றான்.

கையெழுத்து விழும் முன்பே, கிளினிக்குக்குக் கடைசி நாள் என்று பேட்டை முழுக்கச் சேதி பரவியிருந்தது. ஒருத்தி பிரியாணி கொண்டுவந்தாள். இன்னொருத்தி ஷாஜகானுக்குச் சால்வை போட்டாள். காசிமேட்டிலிருந்து குளோரி வந்தாள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவள், அவள் குரல் வந்த பிறகுதான் ஆள் வருவாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை ஆரோன்.

"இன்னா டாக்டரு, எங்கள அம்போன்னு உட்டுட்டுப் போறியா? ஒரு போட்டோ எடுத்துக்குவோம், வா. புள்ள பெரிசானா காட்டணும்ல."

போட்டோவுக்கென்றே குழந்தையை ஜோடித்துக் கொண்டுவந்திருந்தாள். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். புதுச் சட்டை. முகம் முழுக்கப் பவுடர். சும்மா பூச்சு இல்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. உதட்டில் ஏதோ சாயம் மினுமினுத்தது. விரல் நுனிகளில் மருதாணி சிவந்திருந்தது.

"அழகா இருக்கானே, என்கிட்டக் குடுங்க," என்று யமுனா கை நீட்டினாள். மையத்தில் ஆரோனுக்குச் சிகிச்சை செய்த குழுவில் அவளும் இருந்தாள். அவன் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற வழி பிறவியிலேயே அடைபட்டிருந்தது. தற்காலிகமாக ஒரு சிறு குழாய் வைத்து ரத்தத்துக்கு வழி செய்திருந்தார்கள். ஒரு வயது தாண்டியதும் பெரிய அறுவை. அதுவரை அந்தக் குழாய்தான் அவன் உயிர்.

குழந்தை அவள் தோளில் துவண்டு சாய்ந்தது. எட்டு மாதப் பிள்ளை புது முகத்தைப் பார்த்தால் வீறிட வேண்டும், இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க வேண்டும். இவன் இரண்டும் செய்யவில்லை. கழுத்து வியர்த்து ஈரமாக இருந்தது.

"பால் நல்லாக் குடிக்கிறானா?"

"ரெண்டு நாளா சரியாக் குடிக்கல டாக்டரம்மா. குடிக்கறப்பவே மூச்சு வாங்கிக்கினு உட்டுடறான். அயுதுக்கினே கீறான். ஆனா கண்ணாடி பச்சதான காட்டுது? அதான் நானும் பயப்படல."

யமுனா தோளிலிருந்து அவனை எடுத்துப் பார்த்தாள். அவன் கன்னத்துப் பவுடர் அவளுடைய நீலப் புடவையில் அப்பியிருந்தது. பவுடர் போன இடத்தில் தோலின் நிறமும் ஏறக்குறைய அதே நீலம். புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள். சாயம் போனது. உள்ளே நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருந்தது.

"ஷாஜி!"

அந்தக் குரலைக் கேட்டதும் ஷாஜகான் சால்வையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். கால் கட்டைவிரலில் ஆக்சிஜன் அளக்கும் மானியை மாட்டினான். அது காட்டிய எண்ணை யமுனா பக்கம் திருப்பினான். இருவருக்கும் புரிந்துவிட்டது. குழாய் அடைத்துக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. போட்டோவுக்குக் காத்திருந்த கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"அவன் இங்க வராம இருந்திருந்தா?" என்று ஏறும்போது யமுனா கேட்டாள்.

"வந்துட்டான்ல. ஏறு மொதல்ல," என்றான் ஷாஜகான்.

ஆம்புலன்ஸ் பாலத்தில் ஏறியதும் அவள் மையத்துக்குச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அறிவு புகட்டிய வினோதினியைப் போனில் பிடித்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவள்.

"வினோதினி, குழந்தையோட முகம் சரியாத் தெரியலைன்னா கண்ணாடி என்ன செய்யும்?"

"கடைசியா என்ன தெரிஞ்சதோ அதையே வெச்சுக்கும் மேடம். நேத்துப் பச்சைன்னா இன்னிக்கும் பச்சை."

"அப்படி யாரு பண்ணச் சொன்னது?"

வினோதினி குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கதான் மேடம். முதல் மாசம், விரல் சூப்பினாச் சிவப்பு, கரண்ட் போனாச் சிவப்புன்னு வந்துட்டே இருந்ததில்ல? அம்மாங்க எல்லாம் பயந்துபோய் அவ்வளவு தூரம் ஓடி வந்தாங்க. தெரியாததுக்கெல்லாம் அவங்களைப் பயமுறுத்தாதீங்கன்னு சொன்னீங்க."

சொன்னாள்தான். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த மாதம் ஒரு தாய் மூன்று பஸ் மாறி வந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டுச் சொன்னது. எதிரே குளோரி குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யமுனாவால் குழந்தையைப் பார்க்க முடிந்தது, தாயைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"குளோரி, தினமும் இப்படித்தான் பவுடர் போட்டுக் காட்டுவீங்களா?"

"பின்ன? கண்ணாடிக்கு அந்தாண்ட பெரிய டாக்டருங்கோ பாக்கறாங்கோ இல்ல? மூஞ்சி கயுவாத, பொட்டு வெக்காத புள்ளயக் காட்டுனா இன்னா நெனப்பாங்கோ? மீன்காரி வளக்கற லட்சணம் பாருன்னு சொல்ல மாட்டாங்க? எங்க தெருவுல அல்லாரும் அப்டிதான்."

எல்லாரும் அப்படித்தான். வடசென்னை முழுக்க ஏன் பச்சை என்று யமுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி பாடம் படித்தது மருத்துவமனை வார்டில், துடைத்துவிட்ட வெறும் முகங்களைப் பார்த்து. அவளும் தமிழச்சிதான். தன் மகளைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போகும்போதுகூடப் பவுடர் டப்பாவைத் தேடியவள்தான். ஆனால் திட்டம் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்ததும், பிள்ளையைப் பிறர் கண்ணுக்குக் காட்டும் முன் ஒரு தாய் என்ன செய்வாள் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. தென்சென்னையில் மட்டும் ஏன் சிவப்பு வந்தது? அங்கே மையம் பக்கத்தில் இருந்ததால் தாய்மார்கள் தூங்குகிற குழந்தையை வெறும் முகத்தோடு கண்ணாடிக்குக் காட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள், சந்தேகம் வந்தால் நேரில் ஓடிவந்தார்கள். தூரத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணாடிதான் ஆஸ்பத்திரி, அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற மாதிரியே பிள்ளையைக் கிளப்பினார்கள்.

ஆம்புலன்ஸிலேயே அடுத்த போன் ஷாஜகானுக்கு. "உன் பிள்ளைங்க ஒருத்தர் விடாம இன்னிக்கே வரச்சொல்லு. முகம் கழுவிப் பாரு. கிளினிக்கைப் பூட்டாத."

"பூட்டு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது," என்றான் அவன்.

மையத்தின் வாசலிலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் யமுனாவை மெச்சத்தான் வேண்டும். பழைய காலமாக இருந்திருந்தால், டாக்டர் இங்கே, கருவி அங்கே என்று அந்தப் பிள்ளையை ஊர் முழுக்கச் சுற்றவிட்டிருப்பார்கள். இங்கே இறக்கிய கையோடு உள்ளே கொண்டுபோனார்கள். தொடை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைத்த குழாயைப் பலூன் வைத்துத் திறந்தார்கள். தினமும் அதையே செய்து பழகிய கைகள் தடுமாறவில்லை.

வெளியே பெஞ்சில் குளோரி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். யமுனா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நல்லபடியா திறந்துட்டாங்க. பொழைச்சுக்குவான்," என்றாள்.

குளோரி வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும், "நான் தப்பு பண்ணிட்டனா டாக்டரம்மா? என் புள்ளய நானே மறைச்சுட்டனா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீங்க உங்க பிள்ளையை அழகாக் காட்டினீங்க. தப்பு என்னோடது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லுன்னு அந்தக் கண்ணாடிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றாள் யமுனா. குளோரி அவள் புடவையில் ஒட்டியிருந்த பவுடரைத் தட்டிவிட்டாள்.

அன்றும் மறுநாளும் ஷாஜகான் வீட்டுக்குப் போகவில்லை. முகம் கழுவிப் பார்த்ததில் இன்னும் சில பிள்ளைகளுக்கு உள்ளுக்குள் சிக்கல் தொடங்கியிருந்தது தெரிந்தது. எல்லாரும் நேரத்துக்கு மையத்துக்கு வந்து சேர்ந்தார்கள், ஒரு பிள்ளையும் சாகவில்லை. செயலாளரைப் பார்க்கும் முன் கண்ணாடியைச் சரிசெய்ய வழி தேடி, ஞாயிற்றுக்கிழமை வினோதினி ஆரோனின் கட்டிலுக்கே வந்துவிட்டாள்.

"முகத்தை விட்டுடலாம் மேடம். உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லிடறேன். உள்ளங்கால்ல யாரும் பவுடர் போட மாட்டாங்க," என்றாள் பெருமையாக.

குளோரி குபீரென்று சிரித்தாள். பிள்ளை பிழைத்த பிறகு அவளுக்கு வந்த முதல் சிரிப்பு அது. போர்வையை விலக்கி ஆரோனின் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கால் நடுவே கறுப்பாக, வட்டமாக ஒரு பொட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில், அத்தனை நர்ஸுகள் கண்ணிலும் மண்ணைத் தூவி எப்போது வைத்தாளோ.

"அங்கதாம்மா மொதப் பொட்டே வெப்போம். கண்ணு படாம இருக்கணும்ல."

வினோதினியின் முகம் விழுந்துவிட்டது. யமுனாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வினோதினி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், கண்ணாடிக்குப் பெரிய தலைவலியே வீட்டு வெளிச்சம்தான். ஒரு வீட்ல மஞ்ச பல்பு, ஒரு வீட்ல நீலச் சுவர். எது உண்மையான நிறம்னு அது திணறும். சுத்தமான கறுப்பு ஒண்ணு பக்கத்துலயே இருந்தா, அதை வெச்சு மத்த நிறத்தையெல்லாம் சரிபார்த்துக்கும். ஏங்க, இந்த மை எல்லா வீட்லயும் ஒண்ணுதானா?"

"எப்டி ஒண்ணாவும்? நான் கடையில வாங்குவேன். எதிர் வூட்ல வசம்பு சுட்டு வெப்பாங்கோ."

"நாமளே குடுத்தா?" என்றாள் யமுனா.

திங்கட்கிழமை செயலாளர் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "கிளினிக்கை மூடிடலாம் இல்லையா டாக்டர்?"

"மூடக் கூடாது சார். அறுவை ஒரே இடத்துல இருக்கட்டும், அதுல மாத்தமே இல்ல. ஆனா பார்க்கறது பேட்டைக்குப் பேட்டை வேணும். இன்னும் நாலு கிளினிக் கேட்கப் போறேன்."

"அப்ப கண்ணாடி எதுக்கு? நீங்கதானே அதுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். இனிமே தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும், மஞ்சள் விளக்கு எரியும். ஆனா அப்படிச் சொல்ற இயந்திரத்துக்குப் பக்கத்துலயே தெரிஞ்ச மனுஷர் ஒருத்தர் இருக்கணும். நடந்து போற தூரத்துல. மூணு பஸ் மாறணும்னா எந்த அம்மாவும் மஞ்சளை நம்ப மாட்டா, பச்சை வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் காட்டுவா."

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். அதற்கு அர்த்தம் சம்மதமா, சலிப்பா என்று அன்று தெரியவில்லை. அடுத்தடுத்து அவள் படியேறிய பிறகுதான் அது சம்மதமானது. செருப்புத் தேய நடப்பது அவளுக்குப் புதிதில்லையே.

இரண்டு வருடம் போயிற்று. தண்டையார்பேட்டைக் கிளினிக்கில் இப்போது கூட்டம் அலைமோதுகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்தோடு ஒரு சின்ன டப்பாவில் மை கொடுக்கிறார்கள். மையத்து ஆய்வகத்தில் அளவு பார்த்துச் செய்த கறுப்பு. தாய்மார்கள் அதற்கு 'கவர்மென்ட் பொட்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கடை மையைவிட இதற்குக் கண் படாமல் காக்கும் சக்தி அதிகம் என்று காசிமேட்டில் ஒரு பேச்சு உண்டு. ஷாஜகான் அதை மறுப்பதில்லை. கன்னத்தில் ஒரு பொட்டு, பக்கத்தில் துடைத்துவிட்ட ஒரு விரற்கடைத் தோல், அது போதும். மற்ற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பவுடர் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் காலையில் யமுனா அங்கே வந்தபோது ஆரோன் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். பெரிய அறுவை முடிந்து உதடு சிவந்து, அம்மாவின் குரலும் வந்திருந்தது அவனுக்கு. யமுனா குனிந்ததும் கையிலிருந்த டப்பாவில் விரலை விட்டு அவள் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தான்.

"போட்டோ! போட்டோ!" என்று அவளைக் கண்ணாடி முன்னால் இழுத்துப் போனான்.

யமுனா சிரித்துக்கொண்டே நின்றாள். நரைத்த தலை, கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் கோணல் பொட்டு. கண்ணாடி அவளைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தது. குழந்தைகளைத் தவிர வேறு முகம் அது படித்ததில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்," என்றது.

கிளினிக் முழுக்கச் சிரித்தது. ஷாஜகான் மட்டும் சிரிக்காமல் அவளை உற்றுப் பார்த்தான்.

"உன்னை யாராவது பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு யமுனா? ஊர்ல உள்ள நெஞ்சையெல்லாம் பார்க்கற, உன்னுதை?"

யமுனா கன்னத்துப் பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் குளோரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குளோரி தள்ளி இடம் விட்டாள். கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, "டாக்டர்கிட்டப் போறப்ப இப்டியேவா போவ? கொஞ்சம் போட்டுக்கோம்மா," என்று நீட்டினாள்.

யமுனா வாங்கிப் போட்டுக்கொண்டாள்.